எலி மருந்தை நாய் தின்றுவிட்டால்

வேங்கிக்கால் போல வீடும் வயலும் அடுத்தடுத்து அமைந்த ஊர்களில், எலிக்கு வைத்த மருந்தை வளர்ப்பு நாய் தின்றுவிடுவதுண்டு. அன்று அது துள்ளி விளையாடினாலும் நம்பலாகாது. புரோமடியோலான் கட்டிகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை; ஈறிலும் மூக்கிலும் கசிவு தோன்றப் பெரும்பாலும் 3 முதல் 5 நாள்கள் ஆகும். அதற்கு முன்பே வைட்டமின் கே1 தொடங்கினால் நாய் பிழைக்கும். ஆனால் சில வாரங்கள் விடாது கொடுத்தாக வேண்டும்.

கருஞ்சாம்பல் நிறச் சிங்க் பாஸ்பைடு பொடிக்கோ மாற்று மருந்தே இல்லை. சில மணி நேரத்திலேயே நிலைமை முற்றிவிடும். எந்த மருந்து என்பதைப் பொறுத்தே சிகிச்சை. ஆகவே அதன் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள், அல்லது 1962-ஐ அழையுங்கள். உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். பாலும் சோறும் வேண்டா. உணவு சேர்ந்தால் இரைப்பை அமிலம் பெருகி நச்சுவாயுவும் பெருகும். நாய் வாந்தியெடுத்தால் குனிந்து முகராதீர்கள். அதிலெழும் பாஸ்பீன் வாயு மனிதரையும் தாக்கும். குழந்தைகளை அப்பால் அனுப்பிச் சன்னல்களைத் திறந்துவையுங்கள்.