ஆலைக் காற்று

உணவு கெட்டிருந்தால் அதனை உண்ணாது விலக்கலாம். நீர் கலங்கியிருந்தால் தெளிய வைத்துப் பருகலாம். காற்றை மட்டும் மனிதன் அவ்வாறு ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளுதல் இயலாது. ஒரு நாளில் அவன் நுரையீரலுக்குள் சென்று மீளும் காற்று 10,000 லிட்டருக்கும் மேற்பட்டது. உடல் உழைப்பு மிகுந்தால் மூச்சின் விரைவும் மிகும். உட்செல்லும் காற்றின் அளவும் பெருகும். ஆகவே, தூய காற்று யாவர்க்கும் தேவையாயினும், உழைப்பவர்க்கு அது மிகவும் இன்றியமையாதது. ஆனால், பணியிடம் எத்தகைய காற்றைத் தருகின்றதோ அதனையே அவர் ஏற்றாக வேண்டியுள்ளது.

இவ்வுண்மையை விரிவாக ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவர் இத்தாலி நாட்டு மருத்துவராகிய பெர்னார்டினோ ராமஸ்ஸினி (1633–1714) என்பவர். அவர் மோடெனா நகரில் வாழ்ந்தபோது, அவர் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்யத் தொழிலாளி ஒருவர் வந்தார். அவர் பெரும் பரபரப்புடன் வேலை செய்வதைக் கண்ட ராமஸ்ஸினி, அவ்விரைவுக்குக் காரணம் யாதென வினவினார். அவ்விடத்தில் நெடுநேரம் தங்குவோரின் கண்கள் கெட்டுவிடும் என்று தொழிலாளி விடையளித்தார். அவ்விடை மருத்துவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அதன்பின் அவர் தொழிற்கூடங்களுக்கு நேரிற் சென்றார். கல் தச்சர், மாவு அரைப்போர், சணல் சிக்கெடுப்போர் முதலியோரை உற்று நோக்கினார். தொழிலாளரின் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'உன் தொழில் யாது?' என்னும் கேள்வியையும் மருத்துவர் கேட்டல் வேண்டும் என்பது அந்நூலின் சிறந்த அறிவுரையாகும்.

இச்சிறு கேள்வியின் பெருமையைப் பஞ்சாலைகளின் வரலாறு நன்கு காட்டும். தமிழ்நாட்டில் பஞ்சாலைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம் கோயம்புத்தூர். சுற்றுப்புறத்துக் கரிசல் நிலங்களில் விளைந்த பருத்தியும், 1932ஆம் ஆண்டில் தொடங்கிய பைகாரா நீர்மின் திட்டமும் அங்கு ஆலைகள் பெருகத் துணை செய்தன. ஆலைக்கு வரும் பஞ்சுப் பொதிகளை முதலில் பிரிப்பர். பின்னர், எந்திரங்கள் பஞ்சை அடித்து உதறித் தூய்மை செய்யும். அடுத்து, கார்டிங் எந்திரம் சிக்கெடுத்து இழைகளை ஒழுங்குபடுத்தும். இந்நிலைகளிலேயே தூசி மிகுதியாக எழுகின்றது. பார்வைக்கு வெண்மையாகத் தோன்றும் பஞ்சில், காய்ந்த இலைத் துணுக்கும், காம்புத் துணுக்கும், மண்ணும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் கலந்துள்ளன. காற்றில் பறக்கும் பெரிய இழைகள் கண்ணில் படும்; ஆடையிலும் தலைமயிரிலும் படியும். தீங்கு பெரிதும் விளைப்பன அவையல்ல. கண்ணில் படாது நுரையீரலின் உட்பகுதிவரை சென்று சேரும் நுண்டுகள்களே.

இத்தூசியால் வரும் நோய்க்குப் 'பிசினோசிஸ்' என்று பெயர். 'திங்கட்கிழமை நோய்' என்றும் இது வழங்கப்படும். அப்பெயருக்குக் காரணம் உண்டு. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், வேலை தொடங்கிச் சில மணி நேரத்திற்குப் பின் தொழிலாளியின் நெஞ்சு இறுகும். இருமலும் மூச்சுத் திணறலும் தோன்றும். மறுநாள் அவை குறையும் அல்லது மறையும். விடுமுறை ஞாயிறன்றி வேறு கிழமையில் அமையுமாயின், அதற்கு அடுத்த நாளே இவருக்குத் 'திங்கட்கிழமை'.

மறுநாள் நீங்கிவிடும் துன்பத்தைப் பெரிதாக எண்ணுவார் யார்? விடுமுறையில் அலைந்த களைப்பு என்று தொழிலாளி கருதுவார். வேலைக்கு அஞ்சிக் கூறும் சாக்கு என்று மேற்பார்வையாளர் நினைப்பார். ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு நாள் இருந்த இறுக்கம் இரண்டு நாள் நீடிக்கும். பின்னர் வாரம் முழுதும் நிலைக்கும். தூசியினின்று தொடக்கத்திலேயே விலகினால் நுரையீரல் நலம் பெறக்கூடும். காலங் கடந்துவிட்டால், ஆலையை விட்டு நீங்கிய பின்னும் மூச்சுத் திணறல் நீங்காது. மாடிப்படி ஏறுதலும் அவர்க்கு மலையேறுதல் போலாகும்.

இந்நோயைக் கண்டறிவதும் எளிதன்று. எக்ஸ்ரே படத்தில் இதற்கெனத் தனி அடையாளம் எதுவும் தோன்றுவதில்லை. இங்கேதான் ராமஸ்ஸினியின் கேள்வி துணை செய்கின்றது. 1831ஆம் ஆண்டிலேயே மான்செஸ்டர் நகர மருத்துவராகிய ஜேம்ஸ் பிலிப்ஸ் கே என்பவர், நூற்பாலைத் தொழிலாளரின் மூச்சு நோயைப் பற்றி எழுதினார். 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்னும் மருத்துவர் லங்காஷயர் ஆலைகளில் ஆராய்ச்சி செய்தார். எந்த நாளில் நெஞ்சு இறுகுகின்றது, அஃது எத்தனை நாள் நீடிக்கின்றது என்று தொழிலாளரை முறையாகக் கேட்டு, விடைகளைக் கொண்டு நோயின் படிகளை வகுத்தார். முதல் நாள் வேலைக்கு முன்னும் பின்னும் தொழிலாளி ஊதும் மூச்சை 'ஸ்பைரோமீட்டர்' என்னும் கருவியால் அளந்து ஒப்பிட்டால், அவர் கூறும் துன்பத்திற்கு எண்களும் சான்று பகரும்.

நோயைத் தடுக்கும் வழி யாது? தூசி பரவிய பின் அதனோடு போராடுவதினும், அது பிறக்கும் இடத்திலேயே பிடித்து அகற்றுவது சிறந்தது. எந்திரங்களை மூடியிட்டு அடைத்தல் வேண்டும். தூசியை உறிஞ்சும் குழாய்களை எந்திரத்தின் வாயருகே பொருத்தி, உறிஞ்சிய காற்றை வடிகட்டுதல் வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவதும், அழுத்தக் காற்றால் ஊதித் துப்புரவு செய்வதும் படிந்த தூசியை மீண்டும் பறக்கச் செய்யும். ஆதலின், உறிஞ்சு கருவியால் துப்புரவு செய்வதே தக்கது. முகத்தில் கட்டும் சாதாரணத் துணி நுண்டுகளைத் தடுக்காது. தக்க முகமூடியும், இப்பணிகள் நிறைவேறும்வரை உதவும் துணையேயன்றி, இவற்றிற்கு ஈடாகாது. புகைபிடிக்கும் வழக்கமுடையவர்க்குத் துன்பம் மிகுமாதலின், அவ்வழக்கத்தை விடுதலும் நன்று.

1948ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமும் இந்நெறியையே விதித்தது. தீங்கு தரும் தூசியோ புகையோ எழுமாயின், அதனை அகற்றும் கருவியைத் தூசி எழும் இடத்திற்கு இயன்றவரை அருகில் அமைத்தல் வேண்டும் என்றும், அவ்விடத்தை இயன்றவரை மூடுதல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. அமெரிக்க நாட்டில் 1978ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. நூல் நூற்கும் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருத்தலாகாது என்று அது வரையறுத்தது. செலவு மிகும் என்று ஆலை உரிமையாளர் வழக்குத் தொடுத்தனர். 1981ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியது. தொழிலாளரின் உடல்நலத்தை இயன்ற அளவு காக்குமாறு சட்டம் பணித்திருக்க, வரவு செலவுக் கணக்கை எதிர்வைத்து அக்காவலைக் குறைத்தல் தேவையில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

நூல் அறாதிருக்க வேண்டும் என்பதற்காக, நூற்பாலைகளில் காற்றின் ஈரப்பதத்தை நாள்தோறும் அளந்து காக்கின்றனர். நூலுக்கு ஏற்ற காற்றை இவ்வளவு கருத்துடன் அமைக்கும் அறிவு, அந்நூலை நூற்கும் மனிதருக்கு ஏற்ற காற்றையும் அமைக்க வல்லதே. அதற்கு முதலில் வேண்டுவது, உழைப்பவர் கூறுவதைச் செவிமடுக்கும் மனம். விடுமுறைக்கு மறுநாள் நெஞ்சு இறுகுகின்றது என்று ஒரு தொழிலாளி கூறுவாராயின், அதனைச் சோம்பலின் சாக்கு எனத் தள்ளுதல் தகாது. அது நுரையீரல் விடுக்கும் முதல் ஓலை. அவ்வோலையைக் காலத்தில் படித்து ஆவன செய்தால், ஓர் உயிரின் மூச்சும் ஒரு குடும்பத்தின் வாழ்வும் காக்கப்படும்.