அறிவிப்பு வண்டியில் பாட்டுக் கணிப்பொறி: மின்சாரம் கொடுக்கும் முறை

கிராமத்திலே ஒரு செய்தியை ஊரார் அனைவருக்கும் தெரிவிக்க நெடுங்காலமாகத் தண்டோரா போடும் வழக்கம் இருந்து வந்தது. அத்தொழிலை ஒரு சிலர் மீதே சுமத்தி, அவர்களைத் தெருத் தெருவாக அலைய வைத்த அவ்வழக்கத்தைக் கைவிட்டு, ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைப் பயன்படுத்துமாறு 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவுறுத்தியது. வண்டி வந்தபின் அடுத்த தேவையும் வந்தது. ஒரே அறிவிப்பை நாற்பது தெருவில் தொண்டை வறளக் கூறுவதைவிட, ஒருமுறை பதிவு செய்து, இடையிடையே பாட்டும் சேர்த்து, ஒரு சிறு கணிப்பொறியைக் கொண்டு ஒலிக்கச் செய்யலாமே என்று நமது இளைஞர்கள் முயன்று வருகின்றனர். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் பெட்டியைச் செய்வதில் காட்டும் அக்கறையை அதற்கு மின்சாரம் கொடுப்பதில் காட்டாமல் விடுவதையே பல இடங்களிலும் காண்கிறோம்.

நமது வட்டாரத்திலே ஓர் ஊரில் வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய வண்டி, திங்கட்கிழமை காலை கிளம்ப மறுத்தது. முந்திய இரவு பெய்த மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. தாழ்வான தெருக்களுக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டிய வேளை அது. பாட்டரியைச் சோதித்தால் அதில் உயிரில்லை. பாட்டுப் பெட்டி இரண்டரை நாட்களாக ஒலியின்றி விழித்திருந்து, பாட்டரியைக் குடித்துவிட்டிருந்தது. ஊரார் நால்வர் வீடு வீடாக ஓடிச் செய்தி சொன்னார்கள். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மோட்டார் வண்டியில் இசை கேட்கும் ஆசையும், அதற்கான மின்சாரத் தொல்லையும் பழையவை. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கால்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் காருக்கான ரேடியோவை விற்கத் தொடங்கினர். அக்கால வால்வு ரேடியோக்களுக்கு வண்டியின் பாட்டரி தரும் அழுத்தம் போதவில்லை. அதை உயர்த்த வேண்டியிருந்தது. 1999இல் இங்கிலாந்தில் ‘எம்பெக்’ எனும் கணிப்பொறிப் பாட்டுப் பெட்டி காருக்கென்றே வெளிவந்தது. 2012 பிப்ரவரியில் அதே நாட்டிலிருந்து ‘ராஸ்ப்பெரி பை’ என்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறி வந்தபின் இக்கைவேலை எல்லோருக்கும் எட்டுவதாயிற்று. இப்பொழுது பிரச்சினை தலைகீழ்: பாட்டரியின் அழுத்தம் அதிகம், கணிப்பொறிக்கு வேண்டியது குறைவு.

பன்னிரண்டு வோல்ட்டு பாட்டரி என்று சொல்லுகிறோமே தவிர, அது எந்நேரமும் 12 வோல்ட்டில் நிற்பதில்லை. அதனுள் ஆறு அறைகள் இருக்கின்றன. நிறைந்த நிலையில் அறைக்கு 2.1 வீதம் 12.6 வோல்ட்டு காட்டும். இஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 13.8 முதல் 14.4 வரை ஏற்றிவிடும். சாவியைத் திருகி இஞ்சினைக் கிளப்பும் கணத்திலோ 9 வோல்ட்டுக்கும் கீழே சரியக்கூடும். கிணற்று மோட்டாரைப் போட்டவுடன் வீட்டு விளக்கு ஒரு நொடி மங்குவதை விவசாயிகள் நாள்தோறும் பார்க்கிறார்கள்; இதுவும் அதுவே. ஓடும் இஞ்சினில் பாட்டரியின் இணைப்பு தளர்ந்து விட்டுப்போனால் அழுத்தம் கணநேரம் பல மடங்கு துள்ளுவதும் உண்டு. இவ்வாறு ஏறி இறங்கும் மின்சாரத்திலிருந்து, அசையாத 5 வோல்ட்டை நாம் பிரித்தெடுக்க வேண்டும்.

இதற்குச் சிலர், பாட்டரி மின்சாரத்தை இன்வெர்ட்டரால் 230 வோல்ட்டாக்கி, அதில் செல்பேசிச் சார்ஜரைச் செருகி, மீண்டும் 5 வோல்ட்டாக இறக்குகிறார்கள். ஆற்று நீரை மலைமேல் ஏற்றி மறுபடி வயலுக்கு இறக்குவதற்கு ஒப்பான வேலை இது. ஏற்றத்திலும் நஷ்டம், இறக்கத்திலும் நஷ்டம். வேறு சிலர் மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்றை வைக்கிறார்கள். விலை மலிவுதான், ஆனால் 13.8 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டாக்கி ஓர் ஆம்பியர் எடுத்தால், கணிப்பொறிக்குப் போவது 5 வாட்டு, வெறும் சூடாக வீணாவது 8.8 வாட்டு. பக் கன்வெர்ட்டர் என்று கடையில் கேட்டு வாங்கும் சிறு பலகையே சிறந்தது. நல்லதாயின் நூற்றில் எண்பத்தைந்து பங்கு மின்சாரத்தைப் பயனாக்கித் தரும். அப்பலகை தொடர்ந்து 3 ஆம்பியர் தாங்கக்கூடியதாகவும், உள்வரும் பக்கத்தில் அழுத்தத் துள்ளலை விழுங்கும் டயோடு உள்ளதாகவும் இருக்கட்டும். லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட்டு இருப்பதால், அவற்றுக்கு அதற்கேற்ற பலகையைத் தனியே பார்த்து வாங்க வேண்டும்.

பலகையிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருத்தல் அவசியம். மெல்லிய சார்ஜர் கம்பியின் தடை 0.3 ஓம் என்று கொள்வோம். ஒன்றரை ஆம்பியர் அதில் ஓடினால் 0.45 வோல்ட்டு வழியிலேயே கரைந்து, 5 வோல்ட்டு 4.55 ஆகிவிடும். ராஸ்ப்பெரி பை ஏறக்குறைய 4.63க்குக் கீழே இறங்கினாலே மின்சாரம் போதவில்லை என்று முறையிடும். பாட்டு திக்கும், பெட்டி தானே அணைந்து எழும். பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணி வேறு வாங்குமுன் கம்பியை மாற்றிப் பாருங்கள். பலகையின் திருகாணியை 5.1 வோல்ட்டில் நிறுத்துவதும் நலம்.

ப்யூஸ் விஷயத்தில் நாம் கண்டிப்பாகவே பேசுவோம். பாட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ப்யூஸ் இருந்தே தீர வேண்டும். கணிப்பொறிக்கு 3 ஆம்பியர், 30 வாட்டு ஒலிபெருக்கிக்குத் தனியே 7.5 ஆம்பியர் போதுமானவை. ப்யூஸ் போய்விட்டால் ஒரு கம்பித் துண்டைச் சுற்றிவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆபத்தின்போது நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டவல்லது வண்டியின் பாட்டரி. இருக்கைக்கு அடியில் கம்பி நெருப்பாகப் பழுக்கச் சில நொடிகள் போதும். அதே வண்டியில்தான் பிரசவ வேதனையிலுள்ள பெண்ணையும் ஏற்றிச் செல்கிறோம்.

இனி, வண்டி நின்றபின் பெட்டியை எவ்வாறு நிறுத்துவது என்பது. சும்மா இருக்கும் கணிப்பொறியும் அதன் பலகையும் அரை ஆம்பியர் இழுத்தால், நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி பாட்டரியில் அது மூன்றிலொரு பங்கு. மேற்சொன்ன ஊரில் நடந்த கணக்கு இதுவே. ஆகவே பாட்டரியோடு நேரே இணைக்காமல், சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் கம்பியில் இணைக்க வேண்டும். ஆனால் திடீரென மின்சாரத்தைத் துண்டித்தால், எழுதிக்கொண்டிருக்கும் நிலையில் நினைவு அட்டை பழுதாகலாம். இதற்கு ஒரு தாமத ரிலே உண்டு: சாவியை மூடியதும் கணிப்பொறிக்குச் சைகை போகும், அது ஒழுங்காக அணைந்து முடிய ஒரு நிமிஷம் காத்திருந்து ரிலே மின்சாரத்தை அறுக்கும். சைகைக் கம்பியை மாத்திரம் கணிப்பொறியின் முனையில் நேரே தொடுக்கலாகாது. அம்முனை தாங்குவது 3.3 வோல்ட்டே. இடையே ‘ஆப்டோகப்ளர்’ எனும் சில்லு வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஓட்டுநர் மறுபடி சாவியைத் திருப்பினால், மின்சாரம் அறாததால் அணைந்த கணிப்பொறி எழாமல் கிடக்கும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இவ்வளவு நுட்பம் பஞ்சாயத்து வண்டிக்குத் தேவையா என்றால், தேவையில்லை என்பதே நமது கருத்து. கணிப்பொறியின் அமைப்பிலே, நினைவு அட்டையில் ஒன்றும் எழுதாதபடி பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. அவ்வாறு பூட்டிவிட்டு, பாட்டையும் அறிவிப்பையும் தனியே பென் டிரைவில் வைத்துக்கொண்டால், மின்சாரம் எப்பொழுது போனாலும் பெரிதாகக் கெடுவதற்கில்லை. சாவிக் கம்பிக்கும் பலகைக்கும் இடையே சிவப்பு விளக்குடன் ஒரு சுவிட்சு வைத்து, இஞ்சின் கிளம்பியபின் போடும்படி ஓட்டுநருக்குச் சொல்லிவிட்டால் போதும். எந்த மென்பொருளில் பாட்டு ஓடுகிறது என்பது இளைஞர் பொறுப்பு. அதில் நாம் தலையிட வேண்டுவதில்லை.

இஞ்சின் சத்தத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி ஒலிபெருக்கியில் கேட்குமானால், கணிப்பொறியின் எதிர் முனையும் ஒலிபெருக்கியின் எதிர் முனையும் வெவ்வேறு இடங்களில் வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கின்றன என்று பெரும்பாலும் அறியலாம். இரண்டையும் துருவில்லாத ஒரே இடத்தில் சேர்த்துவிடுங்கள். பெட்டியைக் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைக்க வேண்டாம். இருக்கைக்கு அடியில், காற்றுப் படும்படி வையுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்னும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் நம் வண்டிக்கும் பொருந்தும்.

திருவிழா, கிராம சபை போன்ற நாட்களில் இஞ்சினை நிறுத்திவிட்டு ஒலிக்கச் செய்வதுண்டு. எல்லாம் சேர்ந்து 3 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், பாட்டரியில் மூன்றிலொரு பங்கை மட்டும் செலவிட நான்கு மணி நேரம் ஆகும். வோல்ட்டு மானி 12.2க்கு இறங்கினால் அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். வேலை முடித்த மெக்கானிக் கூலி கேட்குமுன், சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையே ஆம்பியர் மானியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தீர்த்தபின் பணத்தைக் கொடுக்கலாம்.