தாமதமாக ஏற்றப்படும் தொடர்புப் பொருள்களை முழுமையாகக் கொணர்தல்

தரவுத்தளத்தில் செய்திகள் அட்டவணைகளாக அமைந்துள்ளன. நிரலிலோ அவை ஒன்றையொன்று சுட்டும் பொருள்களாகக் கையாளப்படுகின்றன. இவ்விரு வடிவங்களையும் இணைத்துவைப்பது பொருள்–உறவு இணைப்பு முறையாகும். ஜாவா மொழிக்கென 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஹைபர்நேட் இத்தகைய கருவிகளுள் ஒன்று.

எடுத்துக்காட்டாக, 100 கிணறுகளும், ஒவ்வொன்றுக்கும் 12 நீர்மட்ட அளவீடுகளும் பதிவாகியுள்ளன எனக் கொள்வோம். கிணறுகளின் பட்டியலைக் கேட்கும்போது அளவீடுகள் உடன் வருவதில்லை. அவற்றின் இடத்தில் வெறுங்கூடு ஒன்றே வைக்கப்படும். அளவீடுகளை நிரல் நாடும்போதுதான் அக்கூடு நிரப்பப்படும். இதனைத் தாமத ஏற்றம் என்பர். வேண்டாத செய்திகளைச் சுமக்காமையால் நேரமும் நினைவகமும் மிச்சமாகின்றன.

எனினும் இதில் இடர்கள் இரண்டு உண்டு. தரவுத்தளத்துடன் கொண்ட அமர்வு முடிவுற்றபின் அளவீட்டைக் கேட்டால், கூட்டை நிரப்ப வழியின்றிப் பிழை எழும். அறிக்கை பாதியில் நின்றுவிடும். அமர்வு திறந்திருப்பினும், பட்டியலுக்கு ஒரு வினவலும் கிணற்றுக்கு ஒன்றாக 100 வினவல்களும் சேர்ந்து 101 வினவல்கள் செல்லும்.

ஆகவே, தேவைப்படும் அளவீடுகளை அமர்வு மூடப்படுமுன்னரே கொணர்தல் வேண்டும். அதற்கு வழிகள் மூன்று:

1. இணைத்துக் கொணர்தல். ஒரே வினவலில் கிணறும் அளவீடும் வந்துசேரும். அளவீடு இல்லாத கிணறு விடுபடாதிருக்க, இடப்புற இணைப்பைக் கையாளுதல் வேண்டும்.

2. தொகுதியாகக் கொணர்தல். 25 கிணறுகளுக்கு ஒரு வினவல் என வகுத்தால், பட்டியலுக்குரியதையும் சேர்த்து 5 வினவல்களே ஆகும்.

3. குறித்த ஒரு கூட்டை மட்டும் நிரப்புதல். ஹைபர்நேட்டின் ‘இனிஷியலைஸ்’ என்னும் கட்டளை இதனைச் செய்யும். ஆயின் அளவீடு ஒவ்வொன்றும் சுட்டும் வேறு பொருள்கள் தாமத ஏற்றத்திற்கு உரியவையாயின், அவை அப்போதும் கூடுகளாகவே இருக்கும். அவற்றைத் தனியே நிரப்புதல் வேண்டும்.

அனைத்தையும் ஒருங்கே இணைப்பதும் தக்கதன்று. கிணறு ஒன்றுக்கு 12 அளவீடுகளோடு 5 நீர்த்தரச் சோதனைகளையும் ஒரே வினவலில் இணைத்தால், 12-ஐ 5-ஆல் பெருக்க 60 வரிசைகள் தோன்றும். 100 கிணறுகளுக்கு 6,000 வரிசைகள் ஆகும். தனித்தனியே கொணர்ந்தால் 1,200-உம் 500-உமாக 1,700 வரிசைகளே வேண்டும்.

இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், செல்லும் வினவல்கள் யாவும் பதிவாகுமாறு அமைத்து, மாணவரைக் கொண்டே எண்ணச் செய்தல் நலம். எப்பொருள், எவ்வளவு ஆழம், எந்நேரத்தில் வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்தலே இம்முறையின் அடிப்படை என்பது அவ்வெண்ணிக்கையால் தெளிவாகும்.