எட்டாம் காரணியும் அதைப் பிடிக்கும் பிடியும்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் 'இன்ஹிபிட்டர் 12 பெதஸ்டா யூனிட்' என்று இருக்கிறது, அவன் உடம்பில் உள்ள ஆன்டிபாடி அவ்வளவு வலுவானதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் வலுவைச் சொல்வதில்லை.

கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, ரத்தம் உறைய உதவுவதற்காக ஊசியில் ஏற்றும் எட்டாம் காரணியையே எதிரியாக நினைத்து உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கிவிடுகிறது. அதுதான் இன்ஹிபிட்டர். பெதஸ்டா சோதனையில், நோயாளியின் பிளாஸ்மாவை ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவோடு சரிபாதியாகக் கலந்து 37 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். இந்த ஆன்டிபாடிகள் நிதானமாக வேலை செய்பவை. அதனால்தான் அத்தனை நேரம். காரணியின் செயல் பாதியாகக் குறைந்தால் ஒரு யூனிட். 12 என்றால், 12 மடங்கு நீர்த்த பிறகும் அதே பாதியை முடக்குகிறது. தளர்வாகப் பிடிப்பது ஏராளமாக இருந்தாலும் 12 வரலாம், உடும்புப்பிடி போடுவது கொஞ்சமாக இருந்தாலும் வரலாம்.

பிடியை அளப்பது வேறு வேலை. தங்கம் பூசிய சிறு சில்லின் மேல் ஆன்டிபாடியை ஒட்டவைத்து, எட்டாம் காரணி கலந்த திரவத்தை ஓடவிடுவார்கள். காரணி ஒட்ட ஒட்ட, சில்லில் பட்டுத் திரும்பும் ஒளி மாறுகிறது. திரையில் கோடு ஏறுகிறது. பிறகு வெறும் திரவத்தை ஓடவிட்டால் கோடு இறங்கும். எனக்குப் பிடித்தது இந்த இறக்கம்தான். சரசரவென்று இறங்கினால் பிடி தளர்ந்தது. மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் வலுவானது. காரணியைச் சில்லில் நெருக்கமாக ஒட்டினால் ஆன்டிபாடி இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, இருப்பதைவிட வலுவாகக் காட்டிவிடும். அதனால்தான் இந்தத் தலைகீழ் ஏற்பாடு.

ஆரோக்கியமானவர்கள் சிலரின் ரத்தத்திலும் எட்டாம் காரணிக்கு எதிரான ஆன்டிபாடி உண்டு. இன்ஹிபிட்டர் உள்ளவர்களிடம் அதன் பிடி நூறு மடங்குவரை இறுக்கமாக இருப்பதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் சிகிச்சையை முடிவு செய்ய மருத்துவர் பார்ப்பது பெதஸ்டா எண்ணைத்தான். 5க்கு மேல் போனால் காரணியைக் கூட்டிக் கொடுத்துப் பயனில்லை, வேறு மருந்துக்குப் போக வேண்டும்.

அப்படி வந்த மருந்துதான் எமிசிசுமாப். அதுவும் ஆன்டிபாடியே, ஆனால் ஒரு கையால் ஒன்பதாம் காரணியையும் மறுகையால் பத்தாம் காரணியையும் பிடித்து, எட்டாம் காரணி செய்வதைப்போல அருகருகே கொண்டுவருகிறது. வேண்டுமென்றே தளர்வான பிடி. பிடித்தபின் விட்டால்தான் அடுத்ததைப் பிடிக்க முடியும். உங்கள் மகனுக்கு இதைத் தொடங்கினால், ரத்தம் கொடுக்கும்போது லேபில் மறக்காமல் சொல்லுங்கள். வழக்கமான பெதஸ்டா சோதனையை இது குழப்பிவிடும். மாட்டின் காரணிகளைக் கொண்டு செய்யும் தனிச் சோதனை தேவைப்படும்.

அன்புடன்,
ஆசிரியர்