குற்றவாளி பேட்டரியா, ரெகுலேட்டரா?

"போன வருடம்தான் புதுப் பேட்டரி போட்டேன். அதுவும் போய்விட்டது!" பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்படி அலுத்துக்கொள்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். பேட்டரியில் ஊற்றிய நீர் வாரத்துக்கு வாரம் குறைகிறது. விளக்குகளின் பல்புகள் அடிக்கடி எரிந்துபோகின்றன. பானெட்டைத் திறந்தால் அமில நெடி மூக்கைத் துளைக்கிறது. இவை சேர்ந்து வந்தால், பேட்டரிக்கு அளவுக்கு மீறி மின்னேற்றம் நடக்கிறது என்று பொருள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேட்டரி வாங்கினால், அதுவும் பழைய பேட்டரியின் வழியிலேயே போய்விடும்.

நீர் எங்கே போகிறது?

கார் பேட்டரி ஈய-அமில வகையைச் சேர்ந்தது. 1859-இல் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே அமைத்த மின்கலமே இதன் முன்னோடி. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. முழுமையாக மின்னேற்றம் பெற்று ஓய்வில் இருக்கும்போது ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். மொத்தம் 12.6 வோல்ட்.

அதற்குப் பிறகும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், தகடுகளில் அதற்கு வேலை இல்லை. அது நீரை ஹைடிரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் பார்த்த அதே மின்னாற்பகுப்புதான்! பாரடேயின் விதிப்படி 1 ஆம்பியர்-மணி மின்சாரம் ஒரு கலத்தில் சுமார் 0.336 கிராம் நீரைச் சிதைக்கும். 5 ஆம்பியர் மிகை மின்னோட்டம் 3 மணி நேரம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு கலங்களிலும் சேர்த்து 15 × 6 × 0.336, அதாவது சுமார் 30 கிராம் நீர் மறைந்துவிடும். தினமும் இப்படி ஓடினால் இருபது நாளில் 600 மில்லிலிட்டர்! நீர் போகப் போக அமிலத்தின் செறிவு கூடும். தகடுகளின் மேல்பகுதி காயும். நேர்த் தகடுகள் அரிக்கப்படும்.

காவல்காரன்

டைனமோவின் மின்னழுத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறும். அதை அடக்கி வைப்பது ரெகுலேட்டர். தொடக்ககால அம்பாசிடர் போன்ற டைனமோ கார்களில் இது ஒரு சிறு பெட்டி. உள்ளே ஒரு மின்காந்தச் சுருள் இருக்கும். மின்னழுத்தம் வரம்பைத் தாண்டினால், சுருள் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும், தொடுமுனைகள் பிரியும். டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போகும் மின்சாரம் இப்போது ஒரு மின்தடையைக் கடந்தாக வேண்டும். காந்தப்புலம் குறையும், மின்னழுத்தமும் இறங்கும். உடனே தொடுமுனைகள் மறுபடி சேரும். இது விநாடிக்குப் பல முறை நடக்கும்.

தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால்? பெட்டியின் எர்த் இணைப்பில் துரு ஏறி, சுருளுக்குப் போதிய மின்சாரம் கிடைக்காமல் போனால்? காவல் தளர்ந்துவிடும்!

வோல்ட்மீட்டர் சொல்லும் தீர்ப்பு

முதலில் எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓரளவு வேகமாக ஓடவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் நல்லது. வேகம் கூடக்கூட 15, 16 என்று ஏறினால் குற்றவாளி ரெகுலேட்டர், அல்லது அதன் எர்த் இணைப்பு. எஞ்சின் ஓடும்போது ரெகுலேட்டர் பெட்டிக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏறக்குறைய சுழி இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால், முதலில் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்குவதே சிகிச்சை. செலவில்லாத சிகிச்சை!

ஆனால் எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட்தான் இருக்கிறது, இருந்தும் பேட்டரி கொதிக்கிறது என்றால்? ஓய்வில் அளந்ததைப் பாருங்கள். அது 10.5 வோல்ட் அளவில் இருந்தால், ஒரு கலத்தின் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கலாம். ஆறு கலங்களுக்கான 14.2 வோல்ட்டை ஐந்தே கலங்கள் பங்கிட, ஒவ்வொன்றுக்கும் 2.84 வோல்ட் கிடைக்கிறது. 2.4 வோல்ட்டைத் தாண்டினாலே வாயு மிகுதியாக வெளிவரும். இங்கே ரெகுலேட்டர் நிரபராதி. பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும்.

எச்சரிக்கை

இச்சோதனையைப் பெரியவர் அல்லது மெக்கானிக்கின் துணையோடுதான் செய்ய வேண்டும். காற்றில் 4 சதவீதம் ஹைடிரஜன் கலந்தாலே அது தீப்பற்றும். நீர்மட்டம் பார்க்கத் தீக்குச்சி கொளுத்தவே கூடாது. கண்ணாடி அணியுங்கள். அமிலம் பட்டால் நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றாதீர்கள். குறைந்த நீரை ஈடுசெய்யக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும், அமிலம் அல்ல.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. தொடர் இணைப்பில் எல்லாக் கலங்களிலும் பாய்வது ஒரே மின்னோட்டம். அப்படியானால், ஒரே ஒரு கலத்தில் மட்டும் நீர் குறைந்துகொண்டே வந்தால் எதைச் சந்தேகிப்பீர்கள்? பேட்டரியின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்!