கொப்பரை காயும் நேரம்

சவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த படவேடு, ஒரு காலத்தில் சம்புவராயரின் தலைநகர்; இன்று ரேணுகாம்பாள் கோவிலால் அறியப்படும் ஊர். அதனை அடுத்த ஆரணி வட்டாரத்தின் பெருமை பட்டு நெசவு. தறி ஏறும் முன் அப்பட்டு வெந்நீரில் தன் பசையை இழந்தாக வேண்டும்.

புழு உமிழும் இழையில் ஃபைப்ராயின் என்னும் புரதத்தைச் செரிசின் என்னும் பசை போர்த்தியிருக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இப்பசையே. சவர்க்காரம் கலந்த நீரைச் சுமார் 95 டிகிரி செல்சியஸில் நிறுத்தி நூலை அமிழ்த்தினால் பசை கரையும். சூடு குறைந்தால் பசை தங்கி, சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். தளதளவெனக் கொதித்தாலோ இழைகள் சிக்கிக்கொள்ளும். நூல் பாழானால் சேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஆதலால் நீர் எப்போது பதத்துக்கு வரும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

கொப்பரையில் 100 லிட்டர் நீர், 28 டிகிரியில் உள்ளது எனக் கொள்க. ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் தேவை. உயர வேண்டியது 67 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் 28,140 கிலோஜூல். நொடிக்கு 5 கிலோஜூல் வெப்பம் நீரைச் சேருமாயின், 5,628 நொடிகள். ஏறக்குறைய 94 நிமிடங்கள்.

கணக்கு எளிது, அடுப்பு அவ்வளவு எளிதன்று. உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15,000 கிலோஜூல் தரும். அதன்படி இரண்டு கிலோ போதும். ஆனால் திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடும் காற்றோடும் போய்விடுகிறது. நூற்றுக்குப் பதினைந்து பங்கே நீரைச் சேர்ந்தால், பன்னிரண்டரைக் கிலோ எரிக்க வேண்டும்.

இன்னோர் இழப்பு நீரின் மேற்பரப்பிலேயே நிகழ்கிறது. சூடு ஏற ஏற ஆவியாதலும் மிகுகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாகச் சுமார் 2,260 கிலோஜூல் கொண்டுபோகிறது. கொப்பரை நீர் முழுவதையும் ஐந்து டிகிரிக்கு மேல் உயர்த்தக்கூடிய வெப்பம் அது! எனவே, முதல் முப்பது டிகிரி விரைந்து ஏறும். கடைசி முப்பதுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு மூடி இந்தக் காத்திருப்பைக் குறைக்கும்.

நீச்சல் குளத்துக்கும் இதே கணக்குத்தான், அளவுதான் வேறு. 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள குளம் 25 இலட்சம் லிட்டர் நீரைக் கொள்ளும். நொடிக்கு 100 கிலோஜூல் தரும் கருவியால் அதனை ஒரே ஒரு டிகிரி உயர்த்த 29 மணி நேரம் ஆகும். அதுவும் இழப்பே இல்லாதபோது. குளிர்நாடுகளில் இரவுதோறும் குளத்தின் மேல் விரிப்பைப் பரப்பி மூடிவைப்பது இதனால்தான்.