பாம்பு பிடிக்க வரும் புதியவருக்கு: இரை விழுங்கிய குடலைப் பற்றி ஒரு கடிதம்

இரை விழுங்கிய பாம்பின் வயிற்றுப் புடைப்பு எல்லோர் கண்ணிலும் படும். அதற்குப் பின்னால் சிறுகுடலில் நடப்பது யார் கண்ணிலும் படாது. எலியின் புரதம் அப்படியே இரத்தத்துக்குள் போவதில்லை. இரைப்பையின் அமிலமும் பெப்சினும் அதை வெட்டுகின்றன. கணைய நொதிகள் மேலும் நறுக்குகின்றன. கடைசியில் மிஞ்சுபவை தனி அமினோ அமிலங்களும், அவை இரண்டு மூன்று கோத்த சிறு பெப்டைடுகளும். இவை குடற்சுவரைக் கடந்தால்தான் விழுங்கியது உணவாகும்.

கடத்தும் வேலையைச் செய்பவை குடற்சுவரின் உறிஞ்சும் செல்கள். அவற்றின் உட்புற விளிம்பில் தூரிகை மயிர்போல நுண்விரல்கள் நெருக்கமாக நிற்கின்றன. அங்குள்ள கடத்திப் புரதங்களில் பல, ஓர் அமினோ அமிலத்தைத் தனியாக எடுப்பதில்லை. சோடியத்துடன் சேர்த்தே உள்ளே இழுக்கின்றன. செல்லின் மறுபுறத்தில் ஒரு பம்பு ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் உள்ளே அதன் அளவு எப்போதும் குறைவு. ஏரி நிறைந்திருந்தால் மதகைத் திறந்ததும் கால்வாயில் தண்ணீர் பாய்வதைப் போல, சோடியம் உள்ளே பாய்கிறது. அமினோ அமிலமும் அதோடு வருகிறது. பம்பை ஓட்டும் ஆற்றல்தான் செலவு. ஊர்வனவற்றில் இதை முதலில் தெளிவாகக் காட்டியவற்றுள் ஒன்று, 1961-ல் பெல்ஜியத்தின் லியேஜ் ஆய்வாளர்கள் செய்த சோதனை. பிரித்தெடுத்த கிரேக்க நில ஆமையின் குடலில் அமினோ அமிலம் வெறுமனே கசியாமல், ஆற்றல் செலவில் கடத்தப்படுவதை அவர்கள் கண்டார்கள்.

பாலூட்டிகளும் இதே வழியைத்தான் பயன்படுத்துகின்றன. வேறுபாடு அளவில் இருக்கிறது. 1985-ல் ஆய்வாளர்கள் கராசோவும் ஜாரெட் டயமண்டும் பாலைவன இகுவானாவையும் ஒரு வகைக் காட்டெலியையும் ஒப்பிட்டார்கள். எலியின் குடல் பல மடங்கு வேகமாக உறிஞ்சியதற்குப் பெரிய காரணம் அதன் பரப்பு கூடுதலாக இருந்ததுதான்.

மலைப்பாம்பின் கதை இன்னும் விசித்திரமானது. ஸ்டீபன் செக்கரும் டயமண்டும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் பர்மிய மலைப்பாம்புகளுக்கு அவற்றின் எடையில் கால் பங்கு இரை கொடுத்து 30 நாள் கவனித்தார்கள். (பர்மிய மலைப்பாம்பு அன்று நம்மூர் மலைப்பாம்பின் உள்ளினமாகவே கருதப்பட்டது.) பட்டினிக் காலத்தில் சுருங்கிக் கிடந்த குடல், இரை விழுந்த 1 முதல் 3 நாளுக்குள் எடையில் இரட்டித்தது. அமினோ அமிலங்களையும் குளுக்கோஸையும் உறிஞ்சும் வேகம் 6 முதல் 26 மடங்கு வரை ஏறியது. ஆக்சிஜன் செலவு 17 மடங்கானது. ஓடாமல் ஆடாமல் சுருண்டு கிடக்கும் பிராணி செய்யும் செலவு இது!

குடலை எழுப்புவது எது? 2000-ல் வந்த மற்றொரு மலைப்பாம்பு ஆய்வில் குடலின் நடு மூன்றிலொரு பகுதியை நரம்பும் இரத்தக் குழாயும் அறாமல் தனியே பிரித்து, மீதி இரு முனைகளையும் இணைத்தார்கள். இரை தொட்ட பகுதிகள் ஒரே நாளில் விழித்துக்கொண்டன. தனித்த நடுப்பகுதி அன்று அசையவில்லை. மூன்றாம் நாளில் அதன் உறிஞ்சும் வேகம் மட்டும் ஏறியது, திசு தடிக்கவில்லை. முதல் அழைப்பு குடலுக்குள்ளிருந்து வருகிறது. உடல்வழிச் செய்தி பின்னால் வருகிறது.

இந்த வளர்ச்சிக்கு ஆகும் செலவைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. புதிய திசு கட்டுவது பாம்புக்குப் பெருஞ்செலவு என்றார் செக்கர். மடிந்து கிடந்த செல்கள் இரத்தத்தாலும் திரவத்தாலும் விரிவதே முக்கியம், அது மலிவானது என்றார் ஜெர்மனி ஆய்வாளர் ஸ்டார்க். இரண்டிலும் உண்மை இருக்கலாம். பாம்பைக் கையில் எடுப்பவருக்கோ விளைவு ஒன்றுதான்.

நம் பகுதியில், செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலும் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனிச் சுவர்களின் ஓரத்திலும் அழைப்பு வருவது பெரும்பாலும் சாரை, தண்ணிப் பாம்பு, நல்ல பாம்பு, கண்ணாடி விரியனுக்காகத்தான். இரை தேடி அலையும் சாரை அடிக்கடி உண்ணும். அத்தகைய பாம்புகளின் குடல் எப்போதும் பாதி விழிப்பில் இருக்கும், ஏற்ற இறக்கம் குறைவு. பதுங்கிக் காத்திருந்து எப்போதாவது உண்ணும் மலைப்பாம்பு, விரியன் வகைகளுக்குத்தான் ஏற்றம் பெரிது. புடைத்த வயிற்றோடு கிடக்கும் பாம்பைத் தூக்கி இறுக்கினால் அது இரையைக் கக்கிவிடலாம். விழித்த குடலுக்குப் பிறகு வேலை இல்லை, முன்கூட்டிக் கொடுத்த ஆற்றல் வீண். முடிந்தால் அதைத் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லிக் காத்திருப்பதே நல்லது. மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் இது சட்டத்துக்கும் பொருந்தும். தூக்கியே ஆக வேண்டுமென்றால் நீளத்தைப் பல இடங்களில் தாங்கி, இறுக்காமல், ஈரக் குளிரில் வைக்காமல் கொண்டுபோக வேண்டும். உடல் வெப்பத்துக்கு வெளியை நம்பும் பிராணிக்கு நொதியும் பம்பும் குளிரில் மந்தமாகும். இரைப்பையில் இரை அழுக ஆரம்பிக்கும். பட்டினியில் மெலிந்து வந்த பாம்புக்குப் பரிவோடு பெரிய இரை போடுவதும் ஆபத்து. சிறிய இரையில் தொடங்குவதே பழக்கம்.

1995 ஆய்வின் மலைப்பாம்புகளில் 8 முதல் 14 நாளில் எச்சம் வெளியேறியபோது குடல் மறுபடி சுருங்கியது. பாம்பின் எச்சத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல இருப்பது யூரிக் அமிலம். உடலில் சேராத அமினோ அமிலங்களின் நைட்ரஜன் பெரும்பாலும் அந்த வடிவில்தான் வெளியே வருகிறது.